நீலி கேட்ட கணக்கு

(திருப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரத்தம் குடிக்கும் பேய்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அழைத்தவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். நூல் விலை, சாயக்கழிவு, ஆர்டர் என்று இந்த ஊரில் பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனால் 'ரத்தத்த உறிஞ்சறானுங்க' என்ற பேச்சு திருப்பூரில் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழும். மீட்டர் வட்டிக்காரனைப் பற்றிச் சொல்வார்கள், கமிஷன் பிடிக்கும் காண்ட்ராக்டரைப் பற்றிச் சொல்வார்கள், ஒண்ணரை ஷிப்ட் முடிந்தும் ஆளை விடாத சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்வார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தனிச் சட்டமே வந்தது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. இப்படி வாய்க்கு வாய் புழங்கும் ஓர் உருவத்தை அதன் பிறப்பிடத்தில் போய்ப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாவலில் ரத்தம் குடிப்பவன் சொத்துக்காரன். நம் கதைகளில் ரத்தம் கேட்டு வருபவள் ஏற்கெனவே ரத்தம் சிந்தியவள். அவளுக்கு வரவேண்டிய பாக்கி இருக்கிறது.

முதலில் அந்தச் சொத்துக்காரனைப் பார்ப்போம். இன்று எட்டாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும் டிராகுலாவின் குணங்களை ஒப்பிப்பான்: கோரைப்பல், கறுப்பு அங்கி, கண்ணாடியில் உருவம் தெரியாது, வெயில் பட்டால் சாம்பல், பூண்டு ஆகாது, சிலுவை ஆகாது. இவை எல்லாம் ஆதிகாலத்து நம்பிக்கை என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் எழுத்தாளர்கள் ஒட்டவைத்தவை. பிரபு வேஷம் 1819-இல் போலிடோரி எழுதிய கதையில் வந்தது. கழுத்தில் பல் பதிந்த இரட்டைத் தடம் 1840களில் லண்டனில் மலிவு விலையில் விற்ற 'வார்னி' தொடர்கதையால் பரவியது. ரத்தம் குடிப்பவரை மயக்கும் பெண்ணாக 1872-இல் 'கார்மில்லா' ஆக்கியது. கண்ணாடி சமாசாரம் பிராம் ஸ்டோக்கரின் கைவரிசை. 'டிராகுலா' வெளிவந்தது 1897. அந்த நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் சாவது 1922-இல் 'நொஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப் படம் போட்ட முடிச்சு.

ஸ்டோக்கர் தன் பிரபுவுக்குக் கொடுத்த சக்திகளுக்குக் கணக்கில்லை. இருபது ஆள் பலம், ஓநாய்க்கும் எலிக்கும் கட்டளையிடும் அதிகாரம், வௌவாலாகவும் மூடுபனியாகவும் மாறும் வித்தை, குடிக்கக் குடிக்க இளமை. தடைகளும் உண்டு. வீட்டார் ஒருமுறையாவது 'வா' என்று சொல்லாமல் வாசல்படி தாண்ட முடியாது. சொந்த ஊர் மண்ணில்தான் படுக்க முடியும். இதனால் அவன் லண்டனுக்குக் குடிபெயர 50 பெட்டி மண்ணைக் கப்பலேற்ற வேண்டியிருக்கிறது. இந்த அரங்கில் இருக்கும் ஏற்றுமதியாளர்கள் அந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். வார்னா துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறான், விட்பியில் இறக்குகிறான், வக்கீல்களும் சரக்கு வண்டிக் கம்பெனியும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, பெட்டிகளை எண்ணி, சாவியைக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்கள். அவனை விரட்டிப் போகிறவர்களுக்கு அவன் இருப்பிடம் தெரிவதே இந்தக் கடிதங்களாலும் ரசீதுகளாலும்தான். பின்னால் ஒருவன் கத்தியை ஓங்கி அவன் கோட்டைக் கிழிக்கும்போது கொட்டுவது ரத்தம் இல்லை, நோட்டுக்கட்டும் தங்கக் காசும். ஸ்டோக்கருக்கு 30 ஆண்டு முன்பே, 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் ரத்தக்காட்டேரியாக மார்க்ஸ் மூலதனத்தை உருவகித்திருந்தார். அதுவும் வேலைநேரத்தைப் பற்றிய அத்தியாயத்தில்.

இந்தப் பிரபு வருவதற்கு முன் ஐரோப்பியக் கிராமத்தில் இருந்த காட்டேரி வேறு ஆள். 1725-இல் செர்பியாவில் கிசிலோவா என்ற ஊரில் பீட்டர் ப்ளொகோயோவிட்ஸ் என்ற குடியானவன் செத்தான். அடுத்த எட்டு நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். இறந்தவன் வந்து மேலே ஏறி நெஞ்சை அமுக்கினான் என்று அவர்கள் சாகும்முன் சொன்னார்களாம். ஆஸ்திரிய அரசின் அதிகாரி முன்னிலையில் குழியைத் தோண்டினார்கள். உடல் அழுகாமல் இருந்தது, வாயோரம் ரத்தம். நெஞ்சில் முளையடித்து எரித்தார்கள். உடல் உப்புவதும், வாய் வழியே சிவந்த நீர் வடிவதும் பிணம் அழுகும் வழிகளில் ஒன்று என்பதை இன்றைய மருத்துவம் விளக்கிவிடுகிறது. எனக்கு அந்த அறிக்கையில் பிடித்தது வேறு ஒரு வரி. செத்தவன் தன் மனைவியிடம் வந்து என்ன கேட்டான் தெரியுமா? தன் செருப்பை. அவள் பயந்து ஊரையே மாற்றிக்கொண்டாள். அந்தக் குடியானவக் காட்டேரிக்குக் கோட்டை கிடையாது, அங்கி கிடையாது. தனக்குச் சேரவேண்டியது ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வந்தான். அவனைப் பிரபுவாக்கியது நகரத்து எழுத்தாளர்கள்.

இனி நம் பக்கம் வருவோம். புறநானூற்றில் அரிசில் கிழாரின் பாட்டு ஒன்று, 281-ஆவது. போரில் வெட்டுப்பட்டு வந்த கணவனைப் பேய் தொடாமல் மனைவி காக்கிறாள். வீட்டில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகுகிறாள், வெண்சிறுகடுகைத் தூவுகிறாள், மணி அடிக்கிறாள், குழல் ஊதுகிறாள், காஞ்சிப் பண் பாடுகிறாள், வாசனைப் புகை போடுகிறாள். திறந்த புண்ணின் ரத்த வாடைக்குப் பேய் வரும் என்பது இதன் உள்ளே இருக்கும் நம்பிக்கை. வேப்பிலையும் கடுகும் இரண்டாயிரம் வருடமாக மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றும் குழந்தைக்குச் சுற்றிப்போடக் கடுகும் மிளகாயும் உப்பும்தான். கிடாவெட்டு முடிந்து இரவில் கறிக்குழம்பு கொண்டு போகிறவர்களிடம், 'தூக்குல ஒரு கரித்துண்டு போட்டுக்க கண்ணு' என்று சொல்லும் ஆத்தாக்கள் அவிநாசிப் பக்கமும் பல்லடம் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் இடாகினிப் பேய் வருகிறது. மாலதி என்பவள் மாற்றாள் குழந்தைக்குப் பால் கொடுக்க, விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. பழிக்குப் பயந்து கோயில் கோயிலாகத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். ஓர் இளம்பெண் உருவில் வந்து, 'தவம் இல்லாதவருக்குத் தேவர் வரம் தரமாட்டார்' என்ற தோரணையில் சொல்லிவிட்டுப் பிணத்தை வாங்கி வயிற்றில் போட்டுக்கொள்கிறது இடாகினி. கொடூரமான இடம். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் அப்படிப் பயமுறுத்துவதில்லை. செயங்கொண்டார் அவற்றைப் பட்டினி கிடக்கும் கூட்டமாகத்தான் காட்டுகிறார். காளியிடம் பசி, பசி என்று முறையிடுகின்றன. குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தில் போரை முடித்ததும் களத்தில் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சிப் பந்தி உட்காருகின்றன. குருட்டுப் பேய், செவிட்டுப் பேய், ஊமைப் பேய் எல்லாவற்றுக்கும் தனித்தனியே கூழ் வார்க்கிறார் கவிஞர். சிரித்துக்கொண்டே படிக்கிற நமக்கு ஒன்று மறந்துபோகும். அந்தக் காவியத்தில் பேய் ஒருவரையும் கொல்லவில்லை. கொன்றது சேனை.

இப்போது நீலிக்கு வருகிறேன். என் பேச்சில் பெரும்பங்கு இவளுக்குத்தான்.

திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடந்ததாகக் கதை. திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இதைச் சுட்டும் குறிப்பு இருக்கிறது. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டுக்காரர்கள் விரித்துப் பாடும் வடிவம் இன்னும் வீரியமானது. ஒருவன் தன்னை நம்பிக் காட்டு வழியில் கூட வந்த பெண்ணை, மடியில் தூங்கும்போது தலையை மெல்ல இறக்கிவைத்துவிட்டு, கல்லைப் போட்டுக் கொன்று நகைகளை அள்ளிக்கொண்டு போகிறான். அவள் சாகும்போது சாட்சிக்கு மனிதர் இல்லை. பக்கத்தில் இருந்த கள்ளிச்செடியைச் சாட்சியாக வைத்துச் சாகிறாள். தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிர்விடுகிறான். இருவரும் சோழராசனுக்கு இரட்டைக் குழந்தைகளாக, நீலனும் நீலியுமாகப் பிறக்கிறார்கள்.

அரண்மனையில் தினம் காலையில் ஆடுமாடுகள் ரத்தம் வற்றிச் செத்துக் கிடக்கின்றன. காவல் போட்டுப் பார்க்கிறார்கள். நடுச்சாமத்தில் தொட்டிலில் இருந்து இரண்டு கைக்குழந்தைகளும் இறங்கித் தொழுவத்துக்குப் போய், குடித்துவிட்டுத் திரும்பி வந்து தொட்டிலில் படுத்துக்கொள்கின்றன. விடிந்தால் பாலுக்கு அழுகின்றன. உலகத்துக் காட்டேரிக் கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டு தொட்டிலில் ஏறிப் படுக்கும் இந்தச் சிசுக்களுக்கு இணையான காட்சி ஸ்டோக்கரிடம்கூடக் கிடையாது.

வளர்ந்த நீலி, வேறொரு வணிகனாகப் பிறந்திருக்கும் அந்தக் கொலைகாரனைத் தேடிப் பிடிக்கிறாள். அவனிடம் அவளை நெருங்கவிடாத ஆயுதம் ஒன்று இருக்கிறது. கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர்ச் சபையில் போய் நிற்கிறாள். 'இவர் என் புருசன், என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறார்' என்று வழக்கு வைக்கிறாள். குழந்தை அவன் மடியில் ஏறி 'அப்பா' என்கிறது. அவன் 'இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள்' என்று கதறுகிறான். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் விசாரித்து, 'உன் உயிருக்கு நாங்கள் பிணை' என்று சொல்லி ஆயுதத்தை வாங்கிவைத்துக்கொண்டு இருவரையும் ஓர் அறையில் விடுகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையை எழுபது பேரின் வாக்குத் தவறாமைக்கு எடுத்துக்காட்டாகத்தான் நம் பாடப்புத்தகங்கள் சொல்லும். நான் நீலியின் சக்தியைப் பார்க்கச் சொல்கிறேன். பல்லும் நகமும் அவளுக்கு இரண்டாம் பட்சம். அவள் சபைக்குப் போகிறாள். சாட்சி கொண்டுவருகிறாள், அதுவும் கொலையைக் கண்ட அதே கள்ளியின் கொப்பை. வழக்காடி வெல்கிறாள். நீலகேசி என்ற சமணக் காப்பியம் இவளுடைய இந்தத் திறமையைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அதில் பழையனூர் நீலி முனிவரை மிரட்டப் போய், அவரிடம் உபதேசம் கேட்டு, பௌத்தர் முதல் வேதவாதி வரை எல்லோரையும் வாதத்தில் மடக்குகிறாள். ஒரு காட்டேரியைத் தருக்கப் புலவர் ஆக்கிய இலக்கியம் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

வில்லுப்பாட்டில் நீலி இசக்கி என்ற அம்மன் ஆகிறாள். முப்பந்தலில் அவளுக்குக் கோயில். பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுகிறார்கள். தொழுவத்தில் ரத்தம் குடித்த குழந்தை, தொட்டிலுக்குத் தெய்வம்.   

கொங்குநாட்டில் நீலிக்கு இணை யார் என்றால் ஆனைமலை மாசாணியம்மனைச் சொல்வேன். மயானத்தில் மல்லாந்து கிடக்கும் உருவம். அவள் யார் என்று கேட்டால் பலரும் நன்னன் கதையைச் சொல்வார்கள். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற ஒரு பெண்ணை, அது தன் காவல்மரத்துக் காய் என்பதற்காக நன்னன் என்ற குறுநில மன்னன் கொன்றான். தண்டமாக 81 யானையும் அவள் எடைக்குப் பொன்னால் பாவையும் தருவதாகச் சொல்லியும் ஏற்கவில்லை. பரணர் குறுந்தொகை 292-இல் பாடிய செய்தி இது. கொலையுண்ட அந்தப் பெண்தான் மாசாணி என்பது மக்களின் முடிவு. அந்தக் கோயிலில் நீதிக்கல் இருக்கிறது. திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், கொடுத்த பணம் வராதவர்கள் வரமிளகாயை அரைத்து அதில் பூசிவிட்டு வருகிறார்கள். அநியாயம் செய்தவனுக்கு உடம்பு எரிய வேண்டும் என்பது வேண்டுதல். செக் திரும்பி வந்தவர்கள் கோர்ட்டுக்கும் போகிறார்கள், ஆனைமலைக்கும் போகிறார்கள். எது சீக்கிரம் முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடுத்து நம் ஊர்க் காட்டேரி. இவளைப் பற்றிய பயம் முழுக்கப் பிரசவ அறையைச் சுற்றியது. கர்ப்பிணியின் ரத்தத்துக்கு அலைவாள், சிசுவைக் கொண்டுபோவாள் என்பார்கள். அதனால் பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு, நிலையில் வேப்பிலை. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் இவளையும் கொண்டுபோனார்கள். கயானாவின் காளியம்மன் கோயில்களில் இன்றும் காட்டேரி அம்மாவுக்குப் பூசை உண்டு. அங்கே அவள் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் காவல்.

ரத்தம் குடிக்கும் ஆவியின் குணங்கள் பெரும்பாலும் ஒரு நோயின் குறிகள். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்து எக்ஸிடரில் 1892-இல் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் காசநோயில் இறந்தாள். அண்ணனும் இளைத்துக்கொண்டே வந்தான். தங்கைதான் அவனைக் குடிக்கிறாள் என்று குழியைத் தோண்டி, இதயத்தை எரித்து, சாம்பலைக் கரைத்து அண்ணனுக்குக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அவனும் போனான். நம் காட்டேரியின் பின்னால் பேறுகாலப் பெரும்போக்கும் ரத்தசோகையும் நிற்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஆத்தா தலைமாட்டில் வைத்ததும் இரும்பு, நர்சம்மா கொடுப்பதும் இரும்புச்சத்து மாத்திரை. பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்கும் செக்கிங்குக்கும் வரும் பெண்களின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாலே அந்த 53 தெரியும்.

நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பதின்வயதுப் பெண்கள் விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதை 2011-இல் வந்த ஆய்வறிக்கைகள் பதிவு செய்தன. முடியாத கணக்கோடு வீடு திரும்பிய பெண் என்றதும் எனக்கு நீலி நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை.

தொழிற்சாலைப் பெண்கள் ஆவியின் வாயால் கணக்குக் கேட்பது மலேசியாவில் நடந்தே இருக்கிறது. 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகளில் கிராமத்து மலாய்ப் பெண்கள் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து சில்லுகளை ஒட்டினார்கள். திடீரென ஒருத்திக்கு ஆவி பிடிக்கும். அவள் கத்த, பக்கத்து வரிசையும் கத்தும். உற்பத்தி நிற்கும். நிர்வாகம் மந்திரவாதியைக் கூப்பிட்டு ஆடு வெட்டிப் பூசை போட்டது. அய்வா ஓங் என்ற மானிடவியலாளர் 1987-இல் வெளியிட்ட நூலில், வாயால் சொல்ல முடியாத எதிர்ப்பை அந்தப் பெண்கள் ஆவியின் வாயால் சொன்னார்கள் என்று எழுதினார். தென்னார்க்காட்டில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த இசபெல் நபகோவ் 2000-இல் எழுதிய நூலிலும், புது மணப்பெண்களைத்தான் பேய் அதிகம் பிடிக்கிறது என்பது முக்கியமான செய்தி. பேயோட்டி முதலில் கேட்கும் கேள்வி, 'நீ யாரு, எந்த ஊரு, உனக்கு என்ன வேணும்?' டிராகுலாவிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

மலேசியாவில் ஆடு வெட்டினார்கள். நம் கம்பெனிகளில் ஆயுதபூசை அன்று என்ன செய்கிறோம்? ஓவர்லாக், பேட்லாக், கட்டிங் டேபிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பூசணிக்காயில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டிச் சில்லறைக் காசு போட்டு, வாசலில் போட்டு உடைக்கிறோம். சிதறுகாய் செக்கச்சிவந்து கிடக்கும். பலிக்குப் பதிலி அது. இயந்திரத்துக்கும் ஒரு பசி இருக்கிறது, அதைக் காயோடு முடித்துக்கொள்ளட்டும் என்ற பேரம். வருடத்தில் மற்ற நாள்களில் டெய்லர் விரலில் ஊசி ஏறி ஒடிந்தால், முதலில் ஒடிந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்தாக வேண்டும். அவற்றைப் பொருத்திப் பார்த்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு பீஸ் முழுவதையும் ஊசி கண்டுபிடிக்கும் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைச் சட்டையில் ஊசித்துண்டு போய்விடக் கூடாது என்ற விதி மிகச் சரியானது. ரத்தம் பட்ட பீஸ் ரிஜெக்ட். ரத்தம் விட்ட விரலுக்கும் அந்த ரிஜிஸ்டரில் ஒரு பத்தி இருந்தால் நன்றாக இருக்கும்.

நவீன இலக்கியத்தை விட்டுவிட்டேன் என்று யாரும் குறைப்பட வேண்டாம். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' ஒன்றே போதும். வேலைக்காரியாக ஒருத்தி வீட்டுக்குள் வருகிறாள், பிணவாடை அடிக்கிறது, மனைவியின் கழுத்தில் ஒரு பொட்டு ரத்தம். வாசலில் வந்து நின்றவளை உள்ளே அழைத்தது வீட்டுக்காரியே. பேயா, கதைசொல்லியின் மூளைக்கோளாறா என்று கடைசிவரை சொல்லாமல் விடுவதால் அந்தக் கதை இன்னும் உறைக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கதையில் பேய்க்கு நியாயம் கேட்பது வேறு, நோயாளியைப் பேய் என்று கட்டிப்போடுவது வேறு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ரத்தம் உறிஞ்சும் 'டாயன்' செத்தவள் கிடையாது. பக்கத்து வீட்டில் உயிரோடு இருக்கும் விதவை, கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் கிழவி. அடித்தே கொன்றுவிடுகிறார்கள். பீகார் 1999-லும், ஜார்க்கண்ட் 2001-லும், ஒடிசா 2013-லும் இதற்கெதிராகச் சட்டம் போட்டன.

அந்த மூன்று மாநிலத்து இளைஞர்களும் பெண்களும் இன்று திருப்பூரின் தையல் லைன்களிலும் நிட்டிங்கிலும் கணிசமான இடத்தை நிரப்புகிறார்கள். அவர்கள் லைன் வீடுகளில் இரவில் என்ன கதை சொல்லிக்கொள்கிறார்கள், ஊரில் விட்டுவந்த டாயன் இங்கே எந்த உருவில் வருகிறாள், நம் முனியப்பனும் கருப்பராயனும் அவர்கள் கனவில் நுழைந்துவிட்டார்களா என்பதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஒரு டேப்ரிக்கார்டர் தேவையில்லை, செல்போன் போதும். பேயோட்டியின் மூன்று கேள்வியைக் கேட்டால் போதும். இங்கே இருக்கும் மாணவர்களில் ஒடியாவோ போஜ்புரியோ பேசத் தெரிந்தவர் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.